சீலைப் பாதை

காட்டுக்குள் போகிறவனுக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்பது கிளிநொச்சியில் எழுதாத சட்டம். விறகுக்குப் போகலாம். தேனுக்குப் போகலாம். தொலைந்த எருமையைத் தேடிப் போகலாம். மனைவியோடு கோபித்துக்கொண்டு போனாலும் ஊர் ஒப்புக்கொள்ளும், ஏனென்றால் அதுவும் ஒரு காரணம்தான். ஒரு காரணமும் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமைதோறும் காட்டுக்குள் போய், ஒன்றும் கொண்டுவராமல் திரும்பிய ஒரே ஒரு மனிதரைத்தான் நான் அறிவேன். அவர் எங்கள் நீர்ப்பாசனக் கந்தோரில் வரைபடம் கீறுபவராக இருந்தார்.

பெயர் சொல்லப் போவதில்லை. தன்னைப் பற்றி நாலு பேர் கதைப்பது அவருக்குப் பிடிக்காது. கந்தோரில் நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன்.

பக்கத்துப் பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை புதிதாக எழுந்திருந்த காலம் அது. நான் கலியாணம் முடித்த கையோடு யாழ்ப்பாணத்திலிருந்து கிளாக்கராக மாற்றலாகி வந்தேன். என் மேசைக்குப் பக்கத்தில் அவருடைய பெரிய சாய்பலகை. கிழமை முழுவதும் அதில் வாய்க்கால்களைக் கீறுவார். அவர் இழுத்த கோட்டில் ஒரு நடுக்கம் இருக்காது. கிழமை முழுக்க நேர்கோடு கீறிக் களைத்துப்போய்த்தான் ஞாயிறு வளைந்த பாதைகளைத் தேடிப் போகிறார் என்று நான் ஒரு விளக்கம் கண்டுபிடித்து, பெருமையோடு அவரிடமே சொன்னேன். அவர் பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்டுவிட்டு, “அப்பிடி ஒண்டும் இல்லை தம்பி, சும்மாதான்” என்றார்.

அந்தச் சும்மாவை ஊரில் ஒருவரும் நம்பவில்லை. புதையல் தேடுகிறார் என்றார் சந்தியில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்தவர். காட்டுக்குள் யாரோ ஒருத்தியை வைத்திருக்கிறார் என்றது இன்னொரு கட்சி. காட்டு இலாகாக் காவலாளி ஒருவர் மூன்று ஞாயிறு தொடர்ந்து அவரை மறித்துச் சோதித்தார். சைக்கிள் கரியரில் கட்டியிருந்த பைக்குள் ஒரு தண்ணீர்ப் போத்தலும் பாண் ரொட்டி சுற்றிய கடதாசியும் மட்டுமே இருந்தன. தேனோ இறைச்சியோ இருந்திருந்தால் அந்த ஆள் நிம்மதியாகப் போயிருப்பார். “வெறும் பையோடை காட்டிலை இருந்து வாறவன்தான் பெரிய கள்ளன்” என்று என்னிடமே வந்து முறையிட்டார்.

என்ன செய்கிறார் என்று பார்க்கத்தான் நானும் ஒரு ஞாயிறு என் சைக்கிளை எடுத்துக்கொண்டு கூடப் போனேன். பெரிய தூரமில்லை. சந்தையடியிலிருந்து புறப்பட்டு, ரயில் பாதையைக் கடந்து, கடைசி வயலின் வரம்போடு போனால் பத்து நிமிஷத்தில் காடு. நுழைவாயிலில் ஒரு கிழட்டு வீரை மரம், அதன் அடியில் பிள்ளையாரென்று வைத்த ஒரு கல். உள்ளே போகிற எவரும் அந்த இடத்தில் ஒரு இலைக் குழையை முறித்துக் கல்லுக்கு முன்னால் போட்டு, வந்த காரியத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அது அந்தப் பக்கத்து வழக்கம். எங்களுக்கு முன்னால் நின்ற கிழவர் தேனுக்கு வந்ததாகச் சொன்னார். இவர் குழையைப் போட்டுவிட்டு, “பிள்ளையாரே, சும்மா வாறன். ஒண்டும் எடுக்கமாட்டன்” என்றார். கிழவர் இவரைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

உள்ளே போன பிறகும் அவர் ஒன்றும் செய்யவில்லை. சைக்கிளை மெதுவாக மிதித்தார். மணல் வந்தால் இறங்கித் தள்ளினார். மந்தி பார்த்தால் மந்தியைப் பார்த்தார். கொஞ்சம் கெதியாகப் போகலாமே என்று நான் சொன்னபோது, “அவசரமெண்டால் ரோட்டாலை போங்கோ தம்பி” என்றார். பாதையின் முடிவில் கைவிடப்பட்ட ஒரு பழைய குளம் இருந்தது. குளக்கட்டில் ஒரு மருத மரம். அதன் கீழ் இருந்து பாணைச் சம்பலோடு தின்றுவிட்டு, இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டு எழும்பினார். அவ்வளவுதான். புதையலுமில்லை, பொம்பிளையுமில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பெரிய ஏமாற்றம்.

பட்டணத்துக்குப் பக்கத்திலுள்ள பாதைகளை அவர் உடுப்பை வைத்துத்தான் வகை பிரித்திருந்தார். காற்சட்டைப் பாதை என்றால் முழங்கால் கீறுப்படும், காற்சட்டை போட்டுத்தான் போக வேண்டும். சாரப் பாதையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போகலாம். நாங்கள் அன்றைக்குப் போனது மூன்றாவது. “இது சீலைப் பாதை. சீலை உடுத்த ஆள் நடந்தாலும் ஒரு முள்ளும் இழுக்காது” என்றார். மேடுபள்ளம் இல்லை, சேறு இல்லை, சூரை முள் இரண்டு பக்கமும் விலகி நின்றது. ஆளில்லாக் காட்டில் யார் சீலை உடுத்து வரப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அப்போது பாலைப்பழத்தில்தான் கண்.

பாலைப்பழக் காலம். கைக்குட்டை நிறைய என் மனைவிக்கென்று பொறுக்கிக் கட்டிக்கொண்டேன். திரும்பி வரும்போது வீரை மரத்தடியில் அவர் சைக்கிளை நிறுத்தினார். நானும் நிறுத்தினேன். அவர் கல்லையும் பார்க்கவில்லை, கைக்குட்டையையும் பார்க்கவில்லை, வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் எடுக்கமாட்டேன் என்று சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே தின்னலாம், வெளியே கொண்டுபோகக் கூடாது. வேறென்ன செய்வது, பால் ஒட்டிய வாயோடு அவ்வளவையும் அந்த இடத்திலேயே தின்று தீர்த்தேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். என் மனைவிக்குப் பாலைப்பழமென்றால் உயிர். “எனக்கெண்டு பொறுக்கினதை நீங்களே திண்டிட்டியளோ?” என்று ஒரு பாட்டம் பொரிந்து தள்ளிவிட்டு, “அப்ப அடுத்த ஞாயிறு நானே வந்து திண்டுறன்” என்றாள்.

சொன்னபடி வந்தாள். சீலைப் பாதையில் நடந்த முதல் சீலை அவளுடையதுதான். போன ஞாயிறு நான் காணாத ஒன்று அவள் கண்ணில் பட்டது. பாதையோரச் சூரைக் கொடிகளின் நுனியெல்லாம் வெட்டுப்பட்டிருந்தது. சில வெட்டுகள் புதிது. சிலது கறுத்துக் காய்ந்து வருஷக்கணக்காகியிருந்தது. அண்ணையின் சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் வில்லுக்கத்தி எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

“அண்ணை, மூண்டு நாலு வருஷமா முள்ளு வெட்டியிருக்கிறியள். இவ்வளவு காலமும் எந்தச் சீலை இஞ்சாலை வந்தது?” என்று என் மனைவி கேட்டாள்.

அவர் சைக்கிளிலிருந்து இறங்கி, நன்றாக இருந்த செயினைக் குனிந்து பார்க்கத் தொடங்கினார். காது இரண்டும் சிவந்துபோயிருந்தன. என் மனைவி அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் வீடு வந்து சேருவதற்கிடையில் அவருக்கு ஒரு கலியாணம் பேசுவதென்று முடிவெடுத்துவிட்டாள். பெண்ணையும் தெரிவு செய்துவிட்டாள். யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்த என் பெரியப்பாவின் மகள், எனக்குத் தங்கை முறை.

அவருக்கு அப்போது முப்பத்தைந்து. ஏற்கெனவே இரண்டு இடத்தில் பேசி, இரண்டும் குழம்பியிருந்தது. இரண்டு முறையும் குழப்பியது இந்த ஞாயிற்றுக்கிழமைதான். மூன்றாவதும் குழம்பினால் இனி ஒருவரும் கேட்டு வரமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும். தங்கையின் படத்தை நான் கொடுத்தபோது ஒருதரம் பார்த்துவிட்டு, “நல்லது தம்பி” என்று மட்டும் சொன்னார். பிறகு ஒருநாள் ரப்பர் தேடி அவர் பலகையில் கிடந்த படத்தாளைத் தூக்கினேன். தாளுக்குக் கீழே தங்கையின் படம். தாளை மெல்லப் பழையபடி வைத்துவிட்டேன். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த பாசம் கொஞ்சநஞ்சமல்ல.

பெரியப்பா முப்பத்தைந்து வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ரயிலையும் தவறவிட்டதில்லை என்பது அவர் பெருமை. பெரியம்மா செத்து மூன்று வருஷம். மகளுக்கு வந்த சம்பந்தம் ஒவ்வொன்றிலும் ஒரு பிழை கண்டுபிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார். இந்தச் சம்பந்தத்தையும் விசாரித்தார். சாதகம் பொருந்தியது, குடும்பம் பிடித்தது. பிறகு கடிதம் வந்தது. “மாப்பிள்ளை ஞாயிறுதோறும் காட்டுக்குள் போவதாகக் கேள்வி. என்ன காரியமாக?”

சும்மா என்று எழுதினால் விசரன், தலை கழன்றவன் என்று நினைப்பார். வேட்டைக்கு என்று எழுதலாமென்றால் பெரியப்பா முட்டை பொரித்த சட்டி இருக்கும் குசினிக்குள்ளும் போகாத சைவம். யோசித்து யோசித்து, என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, காட்டுப் பிள்ளையாருக்கு ஒரு நேர்த்திக்கடன், அதற்காகப் போகிறார் என்று எழுதிப் போட்டேன்.

மூன்றாம் நாள் பதில் வந்துவிட்டது. “நேர்த்தி வைத்திருந்தால் ஏதோ பெரிய வருத்தம் இருந்திருக்க வேண்டும். என்ன வருத்தம்? வலிப்பா? எத்தனை வயதிலிருந்து? ஒளிக்காமல் எழுதவும்.”

அவருக்கு ஒரு நோயும் வருத்தமும் இல்லை என்று எழுதினேன். அப்படியானால் பரம்பரையில் யாருக்கு என்று கேட்டார். பரம்பரையிலும் இல்லை என்றேன். அதற்குப் பதிலே வரவில்லை. ஒரு ஞாயிறு காலை ரயிலில் ஆளே வந்து இறங்கினார். கூடத் தங்கையும் வந்தாள், அண்ணியைப் பார்க்க என்று சாட்டு. மூன்று மணி ரயிலில் திரும்புவதாக ஏற்பாடு. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் பால் திரைந்திருக்கும். “உங்களை ஆர் கேட்டது பொய் சொல்ல?” என்றாள்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். காட்டுக்குப் புறப்பட நின்றவரைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொல்லி மன்றாடினேன்.

“அண்ணை, அம்மாவின்ரை காலுக்கு வைச்ச நேர்த்தி, சுகமாகிட்டுது எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. காரியம் முடிஞ்சுது.”

அவர் வாளியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் இருந்தார். அவர் அந்தப் பொய்யை எடுத்துப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். படத்தாளுக்குக் கீழே இருந்த முகம் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும்.

“நேர்த்தி எண்டு ஒருக்கால் சொன்னால் தம்பி, பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நேர்த்திக்குத்தான் போகவேணும். அந்த ஒரு நாளும் வேலையாய்ப் போயிடும்.”

எங்கள் வீட்டுக் கதிரையில் பெரியப்பா நிமிர்ந்து இருந்தார். அண்ணை உள்ளே வந்து கும்பிட்டார். பெரியப்பா சுற்றி வளைக்கவில்லை.

“தம்பி, என்ன நேர்த்தி?”

“நேர்த்தி ஒண்டும் இல்லை ஐயா. சும்மா போறனான்.”

“சும்மாவெண்டால்?”

“சும்மா. போவன், இருப்பன், வருவன்.”

பெரியப்பாவின் முகம் கறுத்தது. என்னை ஒருதரம் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். “ஒரு பொய்யையாவது உருப்படியாச் சொல்லத் தெரியேல்லை உங்கள் ரெண்டு பேருக்கும்” என்று எழும்பினார். “சும்மா திரியிற ஆளுக்கு நான் பிள்ளை குடுக்கிறேல்லை. வா பிள்ளை, ஸ்டேஷனிலை போய் இருப்பம்.”

அப்போது ஒன்பதரை மணிதான். ரயிலுக்கு இன்னும் ஐந்தரை மணித்தியாலம். தங்கை அசையவில்லை. அவள் அதிகம் கதைக்காதவள். “அப்பா, ஸ்டேஷனிலையும் சும்மாதானே இருக்கப்போறம். அங்கை என்னதான் இருக்குதெண்டு போய்ப் பார்ப்பமே” என்றாள். என் மனைவி அதற்கிடையில் பாணைக் கட்டத் தொடங்கிவிட்டாள்.

அப்படித்தான் ஐந்து பேர் காட்டுக்குப் புறப்பட்டோம். அண்ணை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார், சாப்பாட்டுப் பை கரியரில். வீரை மரத்தடியில் குழையை முறித்துப் போட்டார். பெரியப்பா காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். “பிள்ளையாரே, அஞ்சு பேரும் சும்மா வாறம். ஒண்டும் எடுக்கமாட்டம்.” வேறு ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

சீலைப் பாதையில் பெரியப்பா பொலிஸ்காரர் மாதிரி வந்தார். ஒவ்வொரு பெரிய மரத்துக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார். ஒரு கொட்டிலாவது, ஒரு கள்ளு முட்டியாவது அகப்படாதா என்று தேடினார். ஒன்றும் இல்லை. வேர் ஒன்றில் தடக்குப்பட்டபோது பக்கத்தில் கிடந்த ஒரு காய்ந்த முதிரைக் கொப்பை எடுத்துப் பொல்லாக ஊன்றிக்கொண்டார். கொஞ்சத் தூரம் போனதும் அதைக் கையில் உருட்டிப் பார்த்து, “நல்ல வைரம். சீவி எடுத்தால் பத்து வருஷத்துக்குக் காணும்” என்றார். வழியில் யானை லத்தி காய்ந்து கிடந்தது.

“யானையும் வருமோ?”

“வரும் ஐயா. அது எங்களைப்போலை இல்லை, வேலையாத்தான் வரும். எங்களைப் பார்க்க நேரமிருக்காது.”

பெரியப்பாவின் மீசை அசைந்த மாதிரி இருந்தது. சிரித்தாரா என்று சொல்ல மாட்டேன்.

குளக்கட்டில் மருத மர நிழலில் பாணைத் தின்றோம். பெரியப்பா கையைக் கழுவிவிட்டுக் கேட்டார். “இனி என்ன?”

“இருக்கிறது ஐயா.”

“பிறகு?”

“பிறகு திரும்புறது.”

பெரியப்பா தலையில் அடிக்காத குறை. மரத்தில் சாய்ந்து, சால்வையைத் தோளுக்குக் கீழே மடித்து வைத்துக்கொண்டார். தண்ணீரின் மேலாகக் காற்று வந்தது. தாமரை இலைகளின்மேல் ஒரு குருவி நடந்து போனது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு குறட்டைச் சத்தம் கேட்டது.

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அழுதுகொண்டிருந்தாள்.

“அம்மா போன பிறகு அப்பா நித்திரை கொண்டதை நான் காணேல்லை அண்ணா. இரா முழுக்க முற்றத்திலை நடந்துகொண்டே இருப்பார். மருந்தும் எடுத்துப் பார்த்தாச்சு.”

என் மனைவி என் கையைப் பிடித்து அப்பால் இழுத்துக்கொண்டு போனாள். அண்ணையும் தங்கையும் குளக்கட்டின் இரண்டு பக்கத்தில், நடுவில் பெரியப்பா குறட்டை விட, மெல்லக் கதைத்தார்கள். ஒட்டுக் கேட்பது பிழைதான். கேட்டேன்.

“இஞ்சை வந்து இருந்து என்ன யோசிப்பியள்?”

“ஒண்டும் யோசிக்கிறேல்லை.”

“எனக்கு யோசிக்காமல் இருக்கத் தெரியாதே.”

“அது பரவாயில்லை. நீங்கள் யோசியுங்கோ. நான் பக்கத்திலை சும்மா இருக்கிறன்.”

இரண்டு மணியாயிற்று. எழுப்பச் சொல்லி நான் கை காட்டினேன். அண்ணை தலையை ஆட்டி மறுத்தார். தங்கையும் மறுத்தாள். அந்தக் காடு பட்டணத்துக்கு எவ்வளவு கிட்ட என்றால், மூன்று மணிக்கு ஸ்டேஷனில் ரயில் கூவியது தெளிவாகக் கேட்டது. முப்பத்தைந்து வருஷம் அந்தச் சத்தத்துக்கு எழும்பிய மனிதர், மற்றப் பக்கம் சரிந்து படுத்தார்.

எழும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. மடியிலிருந்து மணிக்கூட்டை எடுத்துப் பார்த்தவர் பதறிப்போனார்.

“ரெயில் போயிட்டுது! ஏன் எழுப்பேல்லை?”

“எழுப்பிறதுக்கு ஒரு காரணமும் இருக்கேல்லை ஐயா. ரெயில் நாளைக்கும் வரும்.”

“எனக்கோ சொல்லுறீர்?” என்று பெரியப்பா எழும்பினார். நான் பூகம்பத்துக்குத் தயாரானேன். அவர் மகளைப் பார்த்தார். அவள் கண் வீங்கியிருந்ததைப் பார்த்தார். குளத்தைப் பார்த்தார். பிறகு பொல்லை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

திரும்பும் வழி முழுவதும் நான் பெரியப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எல்லாம் குழம்பிவிட்டது, குழப்பியது நான்தான் என்ற நினைப்பு. வீரை மரத்தடியில் அண்ணை வழக்கம்போல சைக்கிளை நிறுத்தினார். என் மனைவி கையிலிருந்த கடைசிப் பாலைப்பழத்தை வாயில் போட்டாள். தங்கை வெறுங்கையை விரித்துப் பார்த்துச் சிரித்தாள். அண்ணை வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரியப்பாவின் கையில் முதிரைப் பொல்லு.

“ஒண்டும் எடுக்கமாட்டம் எண்டு சொன்னது நீர். நான் சொல்லேல்லை.”

“ஓம் ஐயா. எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொன்னனான்” என்றார் அண்ணை. மாமனாராக வேண்டியவரிடம் ஒரு பொல்லை விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் வயலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பெரியப்பா பொல்லைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். குனிந்து மகளின் சீலைக் கரையைப் பார்த்தார். போகவரக் காட்டுக்குள் நடந்த சீலையில் ஒரு நூல்கூட இழுபட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகு பொல்லைக் கொண்டுபோய் வீரை மரத்தின் பின்பக்கம், மழை படாத பொந்துக்குள் பக்குவமாகச் சாய்த்து வைத்தார்.

“இஞ்சையே கிடக்கட்டும்” என்றார். “அடுத்தமுறை வரேக்கை எனக்கு வேணும்.”

பெரியப்பா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எங்களுக்கு முன்னால் வரம்பில் இறங்கி நடந்தார். அண்ணை சைக்கிளை மெல்ல உருட்டினார். நாலடி போனதும் ஆளில்லாத அந்த வரம்பில் மணியை நீளமாக ஒருதரம் அடித்தார்.

“ஏன் அண்ணை?” என்றேன்.

“சும்மா” என்றார்.

அந்த ஒருமுறை மட்டும் நான் அவரை நம்பவில்லை.